செல் பகுப்பின் இறுதிக் கட்டம்: சைட்டோபிளாசப் பிளவு பற்றிய கருத்துகளின் வரலாறு (1824–2008)

ஆய்வுச் சுருக்கம்

செல் பகுப்பில் உட்கருப் பகுப்பு முடிந்தபின் சைட்டோபிளாசம் இரண்டாகப் பிரிவது 'சைட்டோகைனசிஸ்' எனப்படுகிறது. பாடநூல்கள் இதனை டீலோஃபேஸுக்குப் பின் வரும் இறுதிக் கட்டமாக வரிசைப்படுத்துகின்றன. இவ்வரிசை எவ்வாறு உருவானது என்பதையும், ஆய்வு வரலாறு அதற்கு எந்த அளவுக்குத் துணைநிற்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் உற்றுநோக்கல்கள், 1876 முதல் 1960 வரை எழுந்த இயக்கவியல் கோட்பாடுகள், ஹிராமோட்டோ (1956), ராப்பபோர்ட் (1961) ஆகியோரின் சோதனைகள், சுருங்கு வளையத்தின் கண்டுபிடிப்பு, பிற்கால மூலக்கூறு ஆய்வுகள் ஆகியவை கால வரிசையில் ஆராயப்படுகின்றன. பிளவு இறுதியில் நிறைவடைகிறதே தவிர, அதற்கான இடம் இறுதியில் தீர்மானிக்கப்படுவதில்லை. எனவே 'இறுதிக் கட்டம்' என்பது உட்கருவை மையமாகக் கொண்ட பெயரிடல் மரபின் விளைவு என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: செல் பகுப்பு, சைட்டோகைனசிஸ், பிளவுச்சால், சுருங்கு வளையம், ஹிராமோட்டோ, ராப்பபோர்ட், அறிவியல் வரலாறு

முன்னுரை

உயிரியல் வரலாற்று நூல்கள் செல் பகுப்பைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் குரோமோசோம்களின் வரலாற்றையே கூறுகின்றன. குரோமோசோம்கள் சாயமேற்றத்தில் தெளிவாகத் தெரிந்தவை. மரபுப் பண்பைக் கடத்துவன என்று பின்னர் நிறுவப்பட்டவை. ஆகவே அவற்றின் மீது கவனம் குவிந்ததில் வியப்பில்லை. ஆயினும் ஒரு செல் இரண்டாவது என்பது குரோமோசோம்கள் பிரிவதோடு முடிந்துவிடுவதில்லை. செல்லின் உடல் அறுபட வேண்டும். அதுவும் பிரிந்த இரு குரோமோசோம் தொகுதிகளுக்கும் சரியாக இடைப்பட்ட தளத்தில் அறுபட வேண்டும். அந்த இடம் தவறினால் ஒரு சேய்ச்செல்லுக்கு இரு உட்கருக்களும் மற்றதற்கு ஒன்றுமின்மையும் வாய்க்கும்.

அறுப்பது எது, அறுக்கும் இடத்தைக் குறிப்பது எது, அக்குறிப்பு எப்போது இடப்படுகிறது என்னும் மூன்று வினாக்களும் நெடுங்காலம் ஒன்றாகவே கருதப்பட்டன. அவை தனித்தனி வினாக்கள் என்று உணரப்பட்ட பின்னரே விடைகள் கிட்டின. அந்தப் பிரிப்பு நிகழ்ந்த விதமே இக்கட்டுரையின் மையப் பொருளாகும்.

1. பிளவை முதலில் கண்டவர்கள்

செல் என்ற கருத்து வலுப்பெறுவதற்கு முன்பே பிளவு காணப்பட்டுவிட்டது. 1824இல் பிரெவோ, டூமா ஆகிய இருவரும் தவளை முட்டையின் மேற்பரப்பில் சால் போன்ற பள்ளங்கள் தோன்றி, முட்டை இரண்டாகவும் நான்காகவும் பகுக்கப்படுவதை விவரித்தனர். முட்டை என்பது ஒரு செல் என்ற கருத்து அப்போது இல்லை. ஆகவே அவர்கள் கண்டது செல் பகுப்பு என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

தாவரங்களில் 1832இல் டுமோர்டியே, இழைப் பாசியின் செல்லுக்குள் ஒரு குறுக்குச் சுவர் தோன்றி அதனை இரண்டாக்குவதைப் பதிவு செய்தார். 1835இல் ஹியூகோ ஃபான் மோல், அத்தகைய சுவர் ஓரத்திலிருந்து உள்நோக்கி வளர்வதை விரிவாக விளக்கினார். இவ்வாறு விலங்கு முட்டையில் பள்ளமும் பாசியில் சுவரும் தனித்தனி நிகழ்வுகளாக அறியப்பட்டன.

1838இல் ஷ்லைடனும் 1839இல் ஷ்வானும் செல் கொள்கையை முன்வைத்தபோது இவ்வுற்றுநோக்கல்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. படிகம் கரைசலிலிருந்து உருவாவதுபோல், செல்லும் உருவற்ற ஒரு மூலப்பொருளிலிருந்து உருவாகிறது என்று ஷ்வான் கருதினார். இக்கருத்தின்படி, பகுப்பு செல் தோன்றும் பொதுவழி அன்று. அதனை மறுத்தவர் பெர்லினில் பணியாற்றிய ராபர்ட் ரெமாக். 1841இல் கோழிக் கருவின் இரத்தச் செல்கள் பகுபடுவதைக் கண்ட அவர், தொடர்ந்து தவளை முட்டைகளை ஆராய்ந்து, 1852இல் விலங்குச் செல்கள் யாவும் முன்னிருந்த செல்களின் பகுப்பாலேயே தோன்றுகின்றன என்று அறிவித்தார். 1855இல் ருடால்ஃப் விர்கோ இதனையே சுருக்கமான இலத்தீன் தொடராக்கிப் பரப்பினார்; 1858இல் வெளிவந்த அவருடைய செல் நோயியல் நூல் அதனை நிலைநாட்டியது. பாடநூல்கள் இன்றும் விர்கோவின் பெயரையே முதன்மையாகக் கூறினும், சான்றுகளைத் திரட்டியதில் ரெமாக்கின் பங்கே முந்தியது.

ரெமாக்கின் விளக்கத்தில் ஒரு வரிசை இருந்தது. முதலில் உட்கருமணி, அடுத்து உட்கரு, இறுதியில் செல்லின் உறை என்று உள்ளிருந்து வெளிநோக்கிப் பகுப்பு செல்வதாக அவர் எண்ணினார். உட்கருமணியைப் பற்றிய பகுதி பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் செல்லின் உடல் கடைசியில் பிரிகிறது என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

2. பெயரிடலும் அதன் விளைவும்

1870களில் நுண்ணோக்கி வில்லைகளும் சாயமேற்றும் முறைகளும் மேம்பட்டபோது ஆய்வாளர்களின் பார்வை உட்கருவின் பக்கம் திரும்பியது. 1875இல் எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர் தாவரச் செல் பகுப்பைப் பற்றிய நூலை வெளியிட்டார். வால்தர் ஃபிளெமிங் சாலமாண்டரின் செல்களைக் கொண்டு உட்கருவில் இழைகள் உருவாகி நீளவாட்டில் பிளவுறுவதைக் காட்டி, 1882இல் வெளியிட்ட நூலில் 'மைட்டாசிஸ்' என்ற சொல்லை வழங்கினார். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ் என்னும் பெயர்களை 1884இல் ஸ்ட்ராஸ்பர்கர் உருவாக்கினார். டீலோஃபேஸ் என்ற பெயரை 1894இல் மார்ட்டின் ஹைடன்ஹைன் சேர்த்தார்.

இந்நான்கு பெயர்களும் உட்கருவின் நிலைகளைக் குறிப்பவை. செல்லின் உடலுக்கு நிகழ்வதைக் குறிக்கும் சொல் வேறொரு மரபிலிருந்து வந்தது. 1878இல் ஷ்லைக்கர் உட்கருவின் இயக்கத்திற்குக் 'கேரியோகைனசிஸ்' என்று பெயரிட்டிருந்தார். அதற்கு இணையாக, 1887இல் அமெரிக்க விலங்கியலாளர் சார்ல்ஸ் ஓட்டிஸ் விட்மன் சைட்டோபிளாசத்தின் இயக்கத்தைச் 'சைட்டோகைனசிஸ்' என்று அழைத்தார். முட்டையில் நிகழும் இயக்கங்களை ஆராய்ந்த அவருக்கு, உட்கரு இயக்கமும் சைட்டோபிளாச இயக்கமும் ஒன்றையொன்று ஒட்டிச் செல்லும் இரு இணைத்தொடர்கள் ஆகும். ஒன்று முடிந்தபின் மற்றது தொடங்குவதன்று.

பிற்காலப் பாடநூல்கள் இரு தொடர்களையும் ஒரே நேர்க்கோட்டில் அடுக்கின. உட்கருவின் நான்கு நிலைகளுக்குப் பின் ஐந்தாவதாகச் சைட்டோகைனசிஸ் வைக்கப்பட்டது. கற்பிப்பதற்கு இது எளிது. ஆனால் செல்லின் உடல் நான்கு நிலைகளிலும் வாளாவிருந்துவிட்டு ஐந்தாவதில்தான் செயல்படத் தொடங்குகிறது என்ற தோற்றத்தையும் இது உண்டாக்கியது.

இக்காலத்திலேயே தாவர, விலங்குச் செல்களின் வேறுபாடும் தெளிவாயிற்று. உயர்தாவரச் செல்லில் பள்ளம் விழுவதில்லை. இரு உட்கருக்களுக்கும் நடுவே ஒரு தட்டு தோன்றி வெளிநோக்கி வளர்ந்து பக்கச் சுவர்களைத் தொடுகிறது. இச்செல் தட்டை ஸ்ட்ராஸ்பர்கர் விவரித்தார். அதனைத் தாங்கி நிற்கும் இழைக் கட்டமைப்புக்கு 1888இல் லியோ எரேரா 'ஃபிராக்மோபிளாஸ்ட்' என்று பெயரிட்டார். விலங்குச் செல்லில் பள்ளம் ஏறத்தாழ முழுமையடைந்தபின்பும் இரு சேய்ச்செல்களை இணைக்கும் மெல்லிய பாலத்தின் நடுவே ஓர் அடர்ந்த புள்ளி எஞ்சுவதை 1891இல் ஃபிளெமிங் கண்டார். இடையுடலம் என்னும் இவ்வமைப்பு நெடுங்காலம் எச்சம் என்றே கருதப்பட்டது. அதன் பணி விளங்க ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

3. விசையைத் தேடிய கோட்பாடுகள்

விலங்குச் செல்லைப் பிளக்கும் விசை எங்கிருந்து வருகிறது? 1876இல் ஓட்டோ பூச்லி இதற்கு இயற்பியல் சார்ந்த விடையொன்றை அளித்தார். செல்லைத் திரவத் துளியாகக் கொண்டால், அதன் நடுக்கோட்டில் பரப்பு இழுவிசை மிகும்போது அங்கே இறுக்கம் ஏற்பட்டுத் துளி இரண்டாகும் என்பது அவர் கருத்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு இதனைச் சோதிக்க முயன்றனர். 1909இல் ராபர்ட்சன், நடுக்கோட்டில் இழுவிசை குறைவதாலேயே துளி பிளவுறுகிறது என்று வாதிட்டார். மக்லெண்டன் அதனை மறுத்தார். ஒரே வகை மாதிரியிலிருந்து எதிரெதிர் முடிவுகள் எட்டப்பட்டன. உண்மைச் செல்லில் எது நடக்கிறது என்பதை எண்ணெய்த் துளியால் உறுதிசெய்ய இயலவில்லை.

அடுத்த கட்டத்தில் கவனம் செல்லின் உட்புறத்திற்குச் சென்றது. கதிர்கோலின் இரு முனைகளிலும் விண்மீன் வடிவில் கதிர்கள் பரந்து நிற்கும் அமைப்பு 'ஆஸ்டர்' எனப்படும். இரு ஆஸ்டர்களும் கோளங்களாக வளர்ந்து சைட்டோபிளாசத்தைத் தம்முள் பங்கிட்டுக்கொள்வதன் விளைவே பிளவு என்று 1924இல் ஜேம்ஸ் கிரே கூறினார். ஜப்பானில் கட்சுமா டான் வேறொரு விளக்கத்தை வளர்த்தெடுத்தார். அவர் கருத்துப்படி, ஆஸ்டர்களின் கதிர்கள் நடுத்தளத்தைக் கடந்து எதிர்ப்புற மேற்பரப்பைப் பற்றியிருக்கின்றன. கதிர்கோல் நீளும்போது ஆஸ்டர்கள் விலக, கதிர்கள் மேற்பரப்பை உள்ளிழுக்கின்றன. டான் பணியாற்றிய மிசாகி கடல் உயிரியல் நிலையம் போர்க்காலத்தில் கடற்படைத் தளமாகியிருந்தது. 1945இல் அமெரிக்கப் படைகள் அங்கு வரும்முன், அறிவியல் நிலையத்தை அழிக்க வேண்டாமென வேண்டி அவர் எழுதி வைத்த குறிப்பு நிலையத்தைக் காத்தது. போருக்குப் பின் 1952இல் டேனியல் மேசியாவுடன் இணைந்து, கடல் முள்ளெலி முட்டைகளிலிருந்து கதிர்கோல் அமைப்பை முழுமையாகப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

கிரே, டான் ஆகியோருக்கு மாறாக, செல்லின் புறணியே செயலாற்றுகிறது என்போரும் இருந்தனர். டக்ளஸ் மார்ஸ்லண்ட் கடல் முள்ளெலி முட்டைகளைப் பல நூறு வளிமண்டல அழுத்தத்திற்கு உட்படுத்தினார். புறணியின் கூழ்மநிலை தளர்ந்தது. தொடங்கிய பள்ளமும் பின்வாங்கியது. அழுத்தத்தை நீக்கியதும் பள்ளம் மீண்டது. புறணிக் கூழ்மத்தின் சுருக்கமே பிளவுக்குக் காரணம் என்பது அவர் முடிபு. அதே 1950களில் ஸ்வான், மிச்சிசன் ஆகியோர் இதற்கு நேர்மாறாக, மேற்பரப்பு துருவங்களில் தானே விரிவடைவதால் நடுக்கோடு உள்தள்ளப்படுகிறது என்றனர். 1960இல் லூயிஸ் வோல்பர்ட், ஆஸ்டர்கள் துருவப் பகுதியின் இழுவிசையைத் தளர்த்துவதால் ஒப்பீட்டளவில் வலிமை மிகுந்த நடுக்கோடு சுருங்குகிறது என்ற கருத்தை முன்வைத்தார்.

ஆக, 1960 அளவில் குறைந்தது ஐந்து விளக்கங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. இயல்பான பிளவைப் பார்த்தால் ஒவ்வொன்றும் பொருந்துவதாகவே தோன்றியது. இன்னும் கூர்ந்து பார்ப்பதால் இச்சிக்கல் தீர்ந்திருக்காது. எல்லாக் கோட்பாடுகளும் ஒரே காட்சிக்காக அமைக்கப்பட்டவை. அக்காட்சி அவற்றிடையே தேர்வு செய்ய உதவாது. கோட்பாடுகள் வெவ்வேறு விளைவுகளை எதிர்நோக்கும் ஓர் இயல்பல்லாத சூழலை உருவாக்குவதே தேவையாயிற்று.

4. கதிர்கோலை நீக்கிய சோதனை

யுகியோ ஹிராமோட்டோ 1956இல் வெளியிட்ட சோதனை அத்தகையது. அவர் உயிருள்ள கடல் முள்ளெலி முட்டைக்குள் நுண்குழாயைச் செலுத்திக் கதிர்கோலையும் ஆஸ்டர்களையும் உறிஞ்சி வெளியேற்றினார். பகுப்பின் தொடக்க நிலைகளில் இவ்வாறு செய்தால் முட்டை பிளவுறவில்லை. அனாஃபேஸ் நிலையை எட்டிய முட்டைகளிலோ, கதிர்கோலும் குரோமோசோம்களும் நீங்கிய பின்னரும், உரிய நேரத்தில் உரிய இடத்தில் பள்ளம் தோன்றி முட்டை இரண்டாயிற்று. பிந்தைய சோதனைகளில் கதிர்கோல் இருந்த இடத்தில் கடல்நீரையோ எண்ணெய்த் துளியையோ செலுத்தியபோதும் பிளவு நிகழ்ந்தது.

இம்முடிவின் தருக்கம் எளிது. இல்லாத கதிர்கோல் நீள முடியாது. இல்லாத கதிர்கள் மேற்பரப்பை இழுக்க முடியாது. எனவே பிளக்கும் விசை கதிர்கோலிலோ ஆஸ்டரிலோ இல்லை. அது மேற்பரப்பிலேயே உள்ளது. ஆனால் தொடக்கத்திலேயே கதிர்கோலை நீக்கினால் பிளவு நிகழாததால், கதிர்கோல் அமைப்புக்கு ஒரு பணி உண்டு என்பதும் உறுதியாகிறது. ஏதோ ஒரு தூண்டல் அதிலிருந்து மேற்பரப்பைச் சென்றடைகிறது; சென்றடைந்தபின் அதன் இருப்பு தேவையில்லை.

விசை வேறு, தூண்டல் வேறு என்னும் பகுப்பு இங்குதான் சோதனை அளவில் உறுதிப்பட்டது. தூண்டல் மேற்பரப்பை எட்டும் காலமும் பள்ளம் கண்ணுக்குத் தெரியும் காலமும் ஒன்றல்ல என்பதும் இதனால் வெளிப்பட்டது. பள்ளம் தெரிவது உட்கருவின் இறுதி நிலைகளில். அதற்கான ஆணை இடப்படுவது அதற்கு முன்னரே. பாடநூல் வரிசையை ஐயுறுவதற்கான முதல் வலுவான சான்று இதுவே.

5. ராப்பபோர்ட்டின் வளைய முட்டை

தூண்டலைத் தருவது எது என்ற அடுத்த வினாவை ரே ராப்பபோர்ட் எடுத்துக்கொண்டார். நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் கற்பித்துவந்த அவர், கோடைக்காலங்களில் மெய்ன் மாநிலத்தின் மவுண்ட் டெசர்ட் தீவு உயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றினார். 'சாண்ட் டாலர்' எனப்படும் தட்டையான முட்தோலியின் முட்டைகளே அவருடைய ஆய்வுப்பொருள். அவை ஒளி ஊடுருவக்கூடியவை. ஒரே காலத்தில் பகுபடுபவை. சிதைவைத் தாங்கி வாழக்கூடியவை.

1961இல் வெளியான அவருடைய சோதனையில், ஒரு சிறு கண்ணாடிக் குண்டு முட்டையின் நடுவில் அழுத்தப்பட்டது. முட்டை, நடுவில் துளையுள்ள வளையமாயிற்று. முதல் பகுப்பில் கதிர்கோல் வளையத்தின் ஒரு பக்கத்தில் அமைந்தது. பள்ளம் அப்பக்கத்தை மட்டும் அறுத்தது. மறுபக்கம் அறுபடாததால் முட்டை இரண்டாகவில்லை. இரு கைகளிலும் ஒவ்வோர் உட்கருவைக் கொண்ட குதிரை இலாட வடிவச் செல்லாயிற்று. இரண்டாம் பகுப்பில் ஒவ்வொரு கையிலும் ஒரு கதிர்கோல் உருவாயிற்று. வழக்கமான விதிப்படி இரு பள்ளங்கள் தோன்ற வேண்டும், தோன்றின. அவற்றோடு இலாடத்தின் வளைவுப் பகுதியிலும் மூன்றாவது பள்ளம் ஒன்று தோன்றியது. விளைவாக, ஒவ்வோர் உட்கருவைக் கொண்ட நான்கு செல்கள் கிடைத்தன.

வளைவுப் பகுதியில் கதிர்கோல் இல்லை, குரோமோசோம்கள் இல்லை. அங்கிருந்தவை, வெவ்வேறு கதிர்கோல்களைச் சேர்ந்த இரு ஆஸ்டர்கள் மட்டுமே. அவை ஒன்றையொன்று நோக்கி நின்றன. அவற்றுக்குச் சரியாக நடுவில் பள்ளம் விழுந்தது. எனவே பள்ளத்தைத் தூண்டுவதற்கு இரு ஆஸ்டர்களின் கூட்டுச் செயலே போதுமானது. இடையில் கதிர்கோலோ குரோமோசோமோ இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 'இரு உட்கருக்களுக்கு நடுவில் பிளவு நிகழ்கிறது' என்ற பழைய விதி, 'இரு ஆஸ்டர்களுக்கு நடுவில் பிளவு நிகழ்கிறது' என்று திருத்தப்பட்டது. பள்ளம் உட்கருக்களைச் சரியாகப் பிரிப்பதற்குக் காரணம், ஆஸ்டர்கள் வழக்கமாக உட்கருக்களோடு இணைந்திருப்பதே.

இச்சோதனை எல்லாவற்றையும் முடித்துவிட்டது என்று கூறுவது மிகையாகும். ஆஸ்டர்கள் நடுக்கோட்டைத் தூண்டுகின்றனவா, துருவங்களைத் தளர்த்துகின்றனவா என்ற வினாவை அது தனித்துத் தீர்க்கவில்லை. 1983இல் கூட வைட், போரிசி ஆகிய இருவரும் துருவத் தளர்வுக் கருத்துக்கு ஆதரவாக ஒரு கோட்பாட்டு மாதிரியை முன்வைத்தனர். ராப்பபோர்ட் நாற்பதாண்டுக் காலம் இவ்வினாவைத் தொடர்ந்தார். பல ஆய்வுகளில் அவருடைய மனைவி பார்பரா ராப்பபோர்ட் இணையாசிரியர். 1967இல் அளவீடு செய்த நுண்ணூசிகளை முட்டைக்குள் செலுத்தி, அவற்றின் வளைவைக் கொண்டு பள்ளத்தின் இழுவிசையை நேரடியாக அளந்தார். 1985இல் உருளை வடிவாக்கிய முட்டையில் கதிர்கோல் அமைப்பை இடம்பெயர்த்து, ஒரே கதிர்கோல் புதிய புதிய இடங்களில் மீண்டும் மீண்டும் பள்ளத்தைத் தூண்டுவதைக் காட்டினார். மேற்பரப்பின் எப்பகுதியும் பள்ளமாகும் திறன் உடையது. எப்பகுதி ஆகவேண்டும் என்பதை ஆஸ்டர்கள் நிற்கும் இடமே முடிவு செய்கிறது. இவ்வாய்வுகளை அவர் 1996இல் ஒரு தனிநூலாகத் தொகுத்தளித்தார்.

கருவிகள் கண்ணாடி ஊசியும் கண்ணாடிக் குண்டும் ஒளி நுண்ணோக்கியுமே. எலக்ட்ரான் நுண்ணோக்கி பரவலாகியிருந்த காலத்தில் இத்தகைய எளிய கருவிகளால் அடிப்படை வினாவொன்று திருத்தி அமைக்கப்பட்டது அறிவியல் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. முன்னேற்றம் கருவியிலிருந்து வந்ததைவிட, வினாவைப் பிரித்த முறையிலிருந்து வந்தது எனலாம்.

6. சுருங்கு வளையம்

விசை மேற்பரப்பில் உள்ளது என்றான பின், அதனைத் தரும் அமைப்பு எது என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. 1968இல் தாமஸ் ஷ்ரோடர் பிளவுச்சாலின் படலத்திற்கு அடியில், செல்லைச் சுற்றி ஓடும் நுண்ணிழைகளின் தொகுதியைக் கண்டார். 1970இல் மனிதச் செல்களிலும் அதனை விவரித்து, 'சுருங்கு வளையம்' என்ற பெயரால் வழங்கினார். 1967இல் கார்ட்டர் அறிவித்த சைட்டோகலாசின் என்னும் பூஞ்சைப் பொருள், உட்கருப் பகுப்பைத் தடுக்காமல் சைட்டோபிளாசப் பிளவை மட்டும் தடுத்துப் பல உட்கருச் செல்களை உண்டாக்கியது. அது சுருங்கு வளையத்தைச் சிதைக்கிறது என்று ஷ்ரோடர் காட்டியது, வளையமே பிளவைச் செய்கிறது என்பதற்குச் சான்றாயிற்று.

1972இல் கடல் முள்ளெலி முட்டையில் அவர் செய்த அளவீடுகள் முக்கியமானவை. வளையத்தின் அகலம் ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டர். தடிப்பு ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டர். வளையம் குறுகும்போதும் இத்தடிப்பு கூடவில்லை. இழைகள் வெறுமனே நெருங்கிச் சுருங்கினால் தடிப்பு மிக வேண்டும். அது மிகாததால், வளையம் சுருங்கிக்கொண்டே தன் பொருளையும் கலைத்துக்கொள்கிறது என்பது பெறப்பட்டது. தசை நிலையான உறுப்பு. இவ்வளையமோ சில நிமிடங்களுக்கு மட்டும் கட்டப்பட்டுக் கலைக்கப்படும் உறுப்பு.

1973இல் ஷ்ரோடர் அவ்விழைகள் ஆக்டினால் ஆனவை என்று காட்டினார். 1976இல் ஃபுஜிவாராவும் போலார்டும் ஒளிரும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு பிளவுச்சாலில் மயோசின் செறிந்திருப்பதைக் கண்டனர். 1977இல் மபுச்சியும் ஒகுனோவும் மயோசின் எதிர்ப்பொருளை நட்சத்திர மீனின் கருச்செல்களுக்குள் செலுத்தினர். உட்கருக்கள் தொடர்ந்து பகுபட்டன. செல்லின் உடல் பிளவுறவில்லை. தசையைச் சுருக்கும் அதே இரு புரதங்களே செல்லையும் பிளக்கின்றன என்பது இதனால் உறுதியாயிற்று. புறணியின் சுருக்கமே காரணம் என்ற மார்ஸ்லண்டின் முடிபு சான்று பெற்றது.

இவ்விளக்கத்திற்கும் எல்லை உண்டு என்பது 1987இல் வெளிப்பட்டது. டி லோசான், ஸ்புடிச் ஆகியோரும், நெக்ட், லூமிஸ் ஆகியோரும் தனித்தனியாக, டிக்டியோஸ்டீலியம் என்னும் சளிப்பூஞ்சையில் இரண்டாம் வகை மயோசினின் செயலை நீக்கினர். நீர்மத்தில் மிதக்கும்போது அச்செல்கள் பிளவுறாமல் பல உட்கருக்களைப் பெற்றுப் பெருத்தன. ஆனால் திடப்பரப்பில் ஒட்டியிருந்தபோது, எதிரெதிர்த் திசைகளில் ஊர்ந்து தம்மைத் தாமே கிழித்துக்கொண்டு பெருகின. மயோசின் வளையம் முதன்மை வழியே ஆயினும் ஒரே வழி அன்று.

7. இடம் குறிக்கப்படும் காலம்

ஹிராமோட்டோ எழுப்பிய கால வினாவுக்கு மூலக்கூறு ஆய்வுகள் விரிவான விடையளித்தன. 1993இல் மபுச்சி குழுவினர் சுருங்கு வளையம் அமைவதற்கு 'ரோ' வகைப் புரதம் தேவை என்று சாண்ட் டாலர் முட்டைகளில் காட்டினர். 2005இல் பெமெண்ட், பெனிங்க், ஃபான் டாசோ ஆகியோர் உயிருள்ள முட்டைகளில், செயலூக்கம் பெற்ற ரோ புரதம் நடுக்கோட்டில் ஒரு குறுகிய பட்டையாகத் திரள்வதைப் பதிவு செய்தனர். பள்ளம் தோன்றுவதற்கு முன்பே அப்பட்டை தோன்றியது. அதன் இடத்தைக் கதிர்கோல் அமைப்பின் நுண்குழல்கள் நிர்ணயித்தன. ஹிராமோட்டோ உய்த்துணர்ந்த 'இடப்பட்ட ஆணை' கண்ணால் காணும் பொருளாயிற்று.

தாவரங்களில் இக்கால இடைவெளி இன்னும் பெரிது. 1966இல் பிக்கெட்-ஹீப்ஸ், நார்த்கோட் ஆகியோர் கோதுமைச் செல்களில், புரோஃபேஸுக்கு முன்பே நுண்குழல்களின் பட்டையொன்று செல்லைச் சுற்றி அமைவதைக் கண்டனர். உட்கருப் பகுப்பு நடைபெறும்போது அது மறைந்துவிடுகிறது. ஆனால் செல் தட்டு வளர்ந்து இறுதியில் பக்கச் சுவரைத் தொடுவது, அப்பட்டை முன்பிருந்த இடத்தையே. இறுதிக் கட்டத்தின் இடம் முதற்கட்டத்துக்கும் முன்பே குறிக்கப்படுகிறது. தட்டு உருவாகும் விதத்தைப் பொறுத்தவரை, அது கோல்கை உறுப்பிலிருந்து வரும் நுண்பைகளின் இணைவால் அமைகிறது என்ற கருத்தை 1963இல் வேலியும் மோலன்ஹாயரும் முன்வைத்தனர். 1996இல் அராபிடாப்சிஸ் செடியில் அறியப்பட்ட நோல் மரபணு, நுண்பை இணைவுக்கான புரதமொன்றைக் குறிப்பது கண்டறியப்பட்டு, இக்கருத்து உறுதிபெற்றது.

மொட்டுவிடும் ஈஸ்ட்டில் பிளவிடம் மொட்டின் கழுத்து; மொட்டு அரும்பும்போதே அது முடிவாகிவிடுகிறது. 1971இல் ஹார்ட்வெல் பிளவு நிறைவுறாத ஈஸ்ட் திரிபுகளைப் பிரித்தெடுத்தார். அம்மரபணுக்களின் புரதங்கள் பின்னர் 'செப்டின்' எனப் பெயர் பெற்றன. பாக்டீரியாவில் ஆக்டின் வளையம் இல்லை. 1991இல் பீ, லுட்கென்ஹாஸ் ஆகியோர் எஃப்டிஎஸ்இசட் என்னும் புரதம் பிளவிடத்தில் வளையமாவதைக் காட்டினர். 1998இல் அதன் கட்டமைப்பு வெளிப்பட்டபோது, அது நுண்குழல்களின் புரதமாகிய டியூபுலினை ஒத்திருந்தது.

ஃபிளெமிங் கண்ட இடையுடலமும் இறுதியில் பொருள் பெற்றது. சுருங்கு வளையத்தின் பணி முடிந்த பின்னரும் சேய்ச்செல்கள் மெல்லிய பாலத்தால் இணைந்தே நிற்கின்றன. 2007இல் கார்ல்டன், மார்ட்டின்-செரானோ ஆகியோர், அப்பாலத்தை அறுப்பதற்கு எஸ்கார்ட் புரதத் தொகுதி தேவை என்று காட்டினர். சில வைரஸ்கள் செல்லிலிருந்து வெளியேறும்போது படலத்தை அறுக்கப் பயன்படுத்துவதும் இதே தொகுதியே. 2008இல் சல்ஃபோலோபஸ் என்னும் ஆர்க்கியா, எஸ்கார்ட் புரதங்களை ஒத்த புரதங்களைக் கொண்டே பிளவுறுவது அறியப்பட்டது. உண்மையான இறுதி நிகழ்வு இந்த அறுபடலே. அது மிகத் தொன்மையான வழிமுறையைச் சார்ந்தது.

8. பிளவு நிகழாத செல்கள்

சைட்டோகைனசிஸ் உட்கருப் பகுப்பின் தவிர்க்க முடியாத தொடர்ச்சி அன்று என்பதற்கு இயற்கையிலேயே சான்றுகள் உண்டு. தமிழ் வாசகர் நன்கறிந்த சான்று இளநீர். தேங்காயின் முளைசூழ் தசை, தொடக்கத்தில் செல் சுவர் உருவாகாமல் உட்கருக்கள் மட்டும் பெருகுவதால் நீர்ம நிலையில் இருக்கிறது. பின்னர் ஓரத்திலிருந்து சுவர்கள் உருவாகி வழுக்கையாகிறது. பழப்பூச்சியின் கருவில் முதல் 13 உட்கருப் பகுப்புகள் செல் பிளவின்றியே நிகழ்கின்றன. பாலூட்டிகளின் விந்தணு உருவாக்கத்தில் பிளவு முழுமையடையாமல், செல்கள் பாலங்களால் இணைந்தே வளர்கின்றன என்பதை 1959இல் ஃபாசெட் குழுவினர் காட்டினர். இவை ஒழுங்குபடுத்தப்பட்ட நிறுத்தங்கள்.

ஒழுங்கின்றிப் பிளவு தவறினால் விளைவு வேறு. குரோமோசோம் எண்ணிக்கை இரட்டித்த செல் புற்றுநோயின் தோற்றுவாயாகலாம் என்ற கருத்துக்கு 1914இல் தியோடர் பொவேரி வெளியிட்ட நூலிலேயே இடம் இருந்தது. 2005இல், காப்புப் புரதமாகிய பி53 இல்லாத எலிச் செல்களில் சைட்டோகைனசிஸைத் தற்காலிகமாகத் தடுத்து உருவாக்கிய இரட்டித்த செல்கள் கட்டிகளை உண்டாக்கின என்று ஃபுஜிவாரா, பெல்மன் முதலியோர் காட்டினர். பாடநூலின் ஓரத்தில் வைக்கப்பட்ட ஒரு கட்டம் மருத்துவ முதன்மை பெற்றது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, சைட்டோபிளாசப் பிளவு உட்கருப் பகுப்புக்கு முன்பே காணப்பட்டது. ஆனால் உட்கருவின் நிலைகளுக்குப் பெயரிடப்பட்டபோது அது வரிசையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. விட்மன் இணைத்தொடராகக் கருதியதைப் பிற்காலப் பாடநூல்கள் தொடர்வரிசையாக மாற்றின.

இரண்டாவதாக, 1876 முதல் 1960 வரை எழுந்த கோட்பாடுகள் முடிவின்றி நீண்டமைக்குக் காரணம் சான்றின் குறைவு மட்டுமன்று. அறுப்பது எது, இடம் குறிப்பது எது என்ற வினாக்கள் பிரிக்கப்படாமையே முதன்மைக் காரணம். ஹிராமோட்டோவும் ராப்பபோர்ட்டும் எளிய கருவிகளால் அப்பிரிவைச் செய்த பின்னரே சுருங்கு வளையமும் ரோ பட்டையும் தத்தம் இடத்தில் பொருந்தின.

மூன்றாவதாக, விலங்கு, தாவரம், ஈஸ்ட், பாக்டீரியா, ஆர்க்கியா ஆகியவற்றில் பிளக்கும் பொறிமுறை ஒன்றல்ல. விலங்கு, தாவரம், ஈஸ்ட் ஆகியவற்றில் இங்குக் கண்ட சான்றுகளில் பொதுவாக உள்ளது, இடம் முன்கூட்டியே குறிக்கப்படுகிறது என்பதே.

ஆகவே, சைட்டோகைனசிஸை டீலோஃபேஸுக்குப் பின் வரும் ஐந்தாம் கட்டமாகக் கற்பிப்பது வரலாற்று நோக்கிலும் உயிரியல் நோக்கிலும் திருத்தத்திற்குரியது. அதனை உட்கருப் பகுப்போடு இணைந்து ஓடும் இரண்டாம் தொடராகவும், இடம் குறித்தல், வளையம் அல்லது தட்டு அமைத்தல், பிளத்தல், அறுபடல் என்னும் தனக்கேயுரிய நிலைகளைக் கொண்டதாகவும் அறிமுகப்படுத்துவதே, கண்டறியப்பட்ட உண்மைகளுக்கு நெருக்கமானதாகும்.